இருப்பு

பச்சை அட்டை போட்ட கணக்குப் புத்தகம்.
டிராக்டர் உதிரிபாகக் கடையில் நான்
குமாஸ்தாவாக இருந்தபோது மிஞ்சியது.
முதல் பக்கத்தில் ஒரே வரி:
காப்பித்தூள், மூன்று டாலர் நாற்பது.

அப்படித்தான் தொடங்கியது.
லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளத்தில்
ஏழு பேர், பதினைந்து மடக்கு நாற்காலி.
ஆர்டித் குபிச்செக், பல் டாக்டரின் உதவியாள்,
எதற்கு இத்தனை நாற்காலி என்று கேட்டதற்கு
விரித்தது விரித்தபடி இருக்கட்டும் என்றாள்.
கணக்குத் தெரிந்தவர் யாராவது உண்டா என்றாள்.
நான் கையைத் தூக்கினேன்.
மரண தண்டனை பற்றி அன்று எனக்குக்
கருத்து என்று ஒன்றும் கிடையாது.
கூட்டல் தெரியும்.

தபால்தலை.
தபால்தலை.
தலைநகருக்குப் பெட்ரோல், நூற்று அறுபது மைல்,
போனதற்கு மட்டும் எழுதியிருக்கிறேன்.
திரும்பி வந்தது வெர்ன் ஹாலெக்கின் கைக்காசு.
சட்டசபைக் குழுவில் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள்.
ஓர் உறுப்பினர் சூரியகாந்தி விதை கொறித்தபடி கேட்டார்;
தொலியைக் காகிதக் கோப்பையில் துப்பினார்.
கோப்பை நிறைவதற்குள் எங்கள் நேரம் முடிந்தது.

மூன்றாம் வருடம் டெரெலுக்கு நாள் குறித்தார்கள்.
அவன் பெயரை அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதிச்
சிறைவாசலில் நின்றோம்.
அன்றிரவு நீதிமன்றம் தள்ளி வைத்தது.
மறுவாரம் அவனிடமிருந்து ஒரு கடிதம்:
செய்தித்தாளில் படம் பார்த்தேன். நன்றி.
என் பெயரில் இரண்டு 'எல்'.

புது அட்டை, கறுப்பு மை, ஒரு டாலர் பத்து.
அடுத்த வசந்தத்தில் அதைப் பிடித்து நின்றபோது
எழுத்துப் பிழை இல்லை.
நள்ளிரவு தாண்டி ஆறு நிமிடம்.
பின்கேட்டு வழியாக ஒரு வெள்ளை வண்டி போனது.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?
மெழுகுவர்த்தி, இரண்டு டஜன்
என்று எழுதி மூடினேன்.

சாலைக்கு அந்தப்புறம் லீலண்ட் வாஸ் நிற்பார்.
அவர் மகள் ஜானெல் பெட்ரோல் பங்கில் இரவு வேலை பார்த்தவள்.
பத்தொன்பது வயது. அவள் வழக்கு
இன்னும் மேல்முறையீட்டில் கிடந்தது.
கத்தினவர்கள் கல்லூரிப் பையன்கள்,
கையில் பீர், வாயில் பத்து ஒன்பது எட்டு.
லீலண்ட் கத்தமாட்டார்.
தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

ஒரு ஜனவரி, பூஜ்யத்துக்குக் கீழே பதினேழு.
எங்கள் வேன் கிளம்ப மறுத்தது.
அவர்தான் டிரக்கை இந்தப்புறம் திருப்பி
பேட்டரிக்குப் பேட்டரி கம்பி போட்டு
அதற்கு உயிர் கொடுத்தார்.
ஆர்டித் வாயெடுத்தாள்.
வேண்டாம் என்றார்.
டிரக்கைத் திருப்பிக்கொண்டு
பழைய இடத்தில் போய் நின்றார்.

பிறகு வருடங்கள். வெர்னுக்கு மலர்வளையம்.
ஒரே வாக்கில் தோற்ற வருடம் ஒன்று;
நம் பக்கம் நிற்பதாகச் சொன்னவர்
பண்ணையில் பசு கன்று போடுகிறது என்று போய்விட்டார்.
ஆர்டித்துக்கு மலர்வளையம்.
நாற்காலி பதினைந்தும் நிரம்பிய ஒரு மார்ச்.
பிறகு ஜெயித்தோம்.
கேக், முப்பத்தொரு டாலர்.
வெண்ணெய்ப் பூச்சில் யார் பெயரும் எழுத வேண்டாம் என்றேன்.

பதினேழு மாதம்.
மளிகைக் கடை வாசலில் மேசை போட்டு,
கையெழுத்து வாங்கி, தேர்தலில் நிறுத்தி,
பழைய சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.
எங்கள் ஊரில் மூன்றுக்கு ஒன்று.
என் பல் டாக்டர், என் தம்பி, என் தபால்காரர்.
கேக்குச் செலவை அடிக்க முடியாது.
மையில் எழுதியது.

அந்த டிசம்பரில் ஓர் உறை வந்தது.
ஐந்து டாலர் காசோலை. குறிப்பில்,
நடுங்கும் கையெழுத்தில்:
மெழுகுவர்த்திக்கு மட்டும். லீ. வாஸ்.

மூன்று நாள் மேசையில் கிடந்தது.
நன்கொடையா? கடனா?
யாருக்காக ஏற்றச் சொல்கிறார்?
கேட்க ஆர்டித் இல்லை.
தொலைபேசியை இரண்டு முறை எடுத்து வைத்தேன்.
கடைசியில் வரவுப் பக்கத்தில்,
பெயர் எழுதும் இடத்தில்,
சாலைக்கு அந்தப்புறம் என்று எழுதினேன்.

ஆறு மெழுகுவர்த்தி, நான்கு டாலர் எழுபது.
மிச்சம் முப்பது சென்ட்
இருப்பில் இருக்கிறது.